இரண்டாவது கியர்

"ஏம்ப்பா, இறக்கத்துல கூடவா ரெண்டாவது கியர்?"

முன் சீட்டில் இருந்த அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மலையடிவாரக் கல்லூரியில் பத்து மணிக்கு மகளுக்கு நுழைவுத் தேர்வு. இப்போதே ஒன்பது இருபது.

பாதி மலைவரை ஒழுங்காக வந்த வாடகைக் கார்தான். ஒரு வளைவில் 'கர்ர்' என்று அலறியது. அப்புறம் ஒரே ஊர்வலம்.

"இப்படித்தான் சார் இறங்கணும்." டிரைவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கே பாடமா? நானும் லைசென்ஸ் வச்சிருக்கேன்." வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது என்பதைச் சொல்லவில்லை. "ஏத்தத்துக்குத்தான் சின்ன கியர். நாலாவது போடு, வண்டி தானா பறக்கும்!"

"பறக்கும் சார்."

அடுத்த கொண்டை ஊசி வளைவில் டிரைவர் முதல் கியருக்கே இறக்கினார். எஞ்சின் காதைக் கிழித்தது.

'வேணும்னே செய்றான்!' அப்பா பல்லைக் கடித்தார். அந்தக் குளிரிலும் டிரைவரின் பிடரியில் வியர்வை. குற்றமுள்ள நெஞ்சு!

"அப்பா, சும்மா வாங்களேன். கடைசிப் பாடம் பார்க்கிறேன்" என்றாள் பின் சீட்டிலிருந்து மகள்.

"நீ படிம்மா. நேரத்துக்குப் போயிடலாம்" என்றார் டிரைவர்.

ஒன்பது ஐம்பதுக்குக் கல்லூரி வந்தது. வாசலில் நிறுத்தாமல் பக்கத்து மேட்டில் ஏற்றினார் டிரைவர். வண்டி திணறி, ஒரு குலுக்கலோடு நின்றது. மகள் இறங்கி ஓடினாள்.

அவள் தலை மறைந்ததுதான் தாமதம், கதவில் எழுதியிருந்த முதலாளியின் எண்ணை அழுத்தினார் அப்பா.

"என்ன ஆளுய்யா வச்சிருக்கீங்க? கியர் மாத்தவே தெரியலை! உருட்டிக்கிட்டே வந்தான்..."

சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, தரையிலேயே உட்கார்ந்திருந்தார் டிரைவர்.

"சார், அப்படியே மெக்கானிக்கை அனுப்பச் சொல்லிடுங்க. பாதி மலையிலேயே பிரேக் போயிடுச்சு. ஹேண்ட் பிரேக்கும் பிடிக்கலை. கியரை நம்பித்தான் இறக்கினேன்."

போனில் முதலாளி "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்.

அப்பா போனைக் காதிலிருந்து இறக்கினார். "அப்பவே... சொல்லியிருக்கலாமேங்க?"

"பாப்பா படிச்சிட்டு இருந்துச்சே சார்!"