சிவப்பு கவுன்

துணிக்கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: மேனேஜர், லாரி டிரைவர், அவர் மனைவி, அவர்களுடைய மகள், சும்மா பார்க்க வந்த ஒரு டீச்சரம்மா. விலைவாசி ஏறியதிலிருந்து விடுமுறை சீசனிலும் அவ்வளவுதான் கூட்டம்.

மகள் சிவப்பு கவுனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அம்மா, எனக்கு இதான் வேணும்!"

"போன வருஷத்தைவிட ரெண்டு மடங்கு விலைடி," என்றாள் தாய்.

"அடுத்த மாசம் இன்னும் ஏறும். எடுத்துக்கோ," என்றார் டிரைவர்.

"அந்த சைஸ்ல அதுதான் கடைசி பீஸ்," என்றார் மேனேஜர்.

டீச்சரம்மாவுக்குப் பரபரப்பு தொற்றிக்கொண்டது. "இங்க குடுங்க. என் பொண்ணுக்கும் அதே சைஸ்தான்."

தாய் கவுனின் ஒரு கையை இறுகப் பற்றினாள். "நாங்கதான் முதல்ல எடுத்தோம்!"

"எடுத்தா ஆச்சா? யோசிச்சுக்கிட்டே நிக்கிறீங்களே!"

டீச்சரம்மா வெடுக்கென்று பிடுங்கினாள். பேரம்கூடப் பேசாமல் பணத்தைக் கட்டிவிட்டு, யுத்தத்தில் ஜெயித்த முகத்தோடு வெளியேறினாள். மகள் தேம்பித் தேம்பி அழுதாள்.

கண்ணாடிக் கதவு மூடியதும், மேனேஜர் மேஜைக்கு அடியிலிருந்து அதேபோல் இன்னொரு சிவப்பு கவுனை எடுத்தார்.

"ஈ ஓட்டிக்கிட்டிருந்த கடையில காலையிலிருந்து பத்து கவுன் வித்துக் குடுத்துட்டீங்க! பேசினபடி இது பாப்பாவுக்கு."

மகள் துள்ளிக் குதித்தாள். தாய்க்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இவ அழுதது சரியா இருந்துச்சா சார்?"

"எனக்கே பாவமாப் போச்சும்மா!"

"நாளைக்கு ஒரு சட்டைக்குச் சண்டை போடலாமா? இவருக்கு நல்ல சட்டையே இல்ல."

"போடலாம், போடலாம். முதல்ல பின்பக்கமா ஓடுங்க. அந்தம்மா இன்னும் வாசல்லதான் நிக்குது!"

மூவரையும் வெளியே தள்ளி, மேனேஜர் பின்கதவைச் சாத்திப் பூட்டினார்.