நாலு மாத்திரை மீதி

இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் உடம்பு என்ன சொல்கிறது என்று பார்க்கும் ஆய்வு அது. நாளுக்கு ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள். மாதாமாதம் டப்பாவைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். மீதியை நர்ஸ் எண்ணி எழுதுவாள்.

ஆய்வில் சேர்ந்திருந்த, துணியை அளந்தால் நூல் பிசகாத டெய்லருக்கு மாத்திரைக் கணக்கு மட்டும் ஒரு மாதமும் சரியாக வந்ததில்லை. “மறந்துட்டேன் சிஸ்டர்” என்று தலையைச் சொறிவார்.

கடைசியாக அறுபது மாத்திரை வாங்கிப்போன அன்று சாயங்காலமே இறந்துபோனார். இருபத்தெட்டு நாள் கழித்து அவர் மனைவி டப்பாவை ஒப்படைக்க வந்தார். நர்ஸ் மூன்று தடவை எண்ணினாள். இரண்டு வெள்ளை, இரண்டு மஞ்சள். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

“யாரும்மா சாப்பிட்டது?”

“யாரு சாப்பிடப் போறா? பீரோல வச்சுப் பூட்டிட்டேன். சாவி என் இடுப்புலதான் இருக்கு.”

நர்ஸின் பேனா பழக்கதோஷத்தில் அடுத்த கட்டத்துக்குப் போனது. “வேற ஏதாவது தொந்தரவு உண்டா?” என்று வாயும் தன்னால் கேட்டுவிட்டது.

அந்த அம்மாள் நிதானமாக யோசித்தார்.

“முன்ன மாதிரி மூச்சு வாங்கல. காலுதான் ரொம்பச் சில்லுன்னு இருக்கு. தூக்கத்துல அவரு காலு மேல பட்டா எனக்குத் தூக்கிவாரிப் போடுது.”