வண்டியில் இடமில்லை

"மேலே ஏணிக்கு இரும்புச் சட்டம், ரெண்டு பக்கமும் சாமான் பெட்டி, நடுவுல குழாய் அடுக்க ஒரு தட்டு. எல்லாத்தையும் வெல்டு வச்சிருங்க பாய். யாரும் கழட்ட முடியக் கூடாது" என்றார் எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர் தியாகராசன்.

திருவிடைமருதூரில் பட்டறை வைத்திருக்கும் ஹாஜா மைதீன் பிக்கப் வண்டியைச் சுற்றி வந்தார்.

"ஒரு மூட்டை வைக்கக்கூட இடம் இருக்காதேண்ணே! திருட்டு பயமா?"

"திருடன் ஒரு தடவைதான் வருவான் பாய்!"

பக்கத்தில் நின்ற தியாகராசனின் மனைவி ராஜாத்தி குனிந்து வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.

வேலை முடிந்து வண்டி வந்ததும் தியாகராசன் ஒவ்வொரு பெட்டியாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. பரம திருப்தி.

மறுநாள் காலை ராஜாத்தியின் அண்ணன் நடராசன் பதறியடித்துக்கொண்டு வந்தார்.

"மாப்பிள்ளை, மழை இருட்டிக்கிட்டு வருது. நெல்லு களத்துல கிடக்கு. கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகணும். எப்பவும்போல வண்டியைக் குடுங்க."

போன அறுவடைக்கும் வண்டி இப்படித்தான் போனது. அது திரும்பும்வரை தியாகராசன் ஏணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அலைந்தார். ஒரு கல்யாண மண்டப வேலையும் கைநழுவிப் போனது.

"மாட்டேன்னா சொல்றேன் மச்சான்? இடம் எங்க இருக்கு, நீங்களே பாருங்க!" முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள அவர் படாத பாடுபட்டார்.

ராஜாத்தி ஸ்பானரோடு வந்தாள்.

"அடியில இருக்கிற போல்ட்டைக் கழட்டினா எல்லாம் தனியா வந்துரும் அண்ணே. வெல்டிங் வேண்டாம்னு பாய்கிட்ட நான்தான் சொல்லி வச்சேன்."

பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

"அந்த நெல்லுலதானே நமக்கும் வருஷம் பூரா சோறு? நிக்காம ஸ்பானரைப் பிடிச்சு அடியில போங்க."

தியாகராசன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார்.