திரையில் மூன்று புள்ளிகள்

படகுக்காரரின் மனைவி என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரர் தூங்கிட்டுத்தானே இருந்தார், சார்?"

எனக்குச் சுருக்கென்றது. படகில் மோதிய கப்பலின் கம்பெனி விசாரணையில் சொன்னதும் அதுதான். படகின் கருவி அணைந்திருந்தது, ஆள் தூங்கியிருக்கிறார், மூடுபனியில் எங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த வாதம் நிலைத்துவிட்டால் மொத்தப் பழியும் செத்தவர் தலையில்தான்.

கடலில் கப்பலும் படகும் அந்தக் கருவி வழியாகத் தாம் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே போகும். அது திரையில் புள்ளி புள்ளியாக விழும். அதைப் படிப்பது என் வேலை. மோதல் நடந்ததிலிருந்து இரண்டு மாதமாக அந்தப் படகின் புள்ளிகளோடுதான் எனக்குக் குடித்தனம். வீட்டில் பேச ஆளில்லாதவனுக்கு அது பெரிய கஷ்டமில்லை.

கருவியை அவர் அணைத்தது உண்மைதான். வலை போடும் இடம் வந்ததும் எல்லோரும் அணைப்பார்கள். நல்ல மீன் கிடைக்கும் இடத்தைச் சொந்தத் தம்பிக்கும் காட்டமாட்டார்கள். கமுக்கமான ஆள் என்று அவர்மேல் எனக்குப் பிரியமே வந்திருந்தது.

நேற்றுதான் அகப்பட்டது, அன்று அந்தப் பக்கம் போன வேறொரு கப்பலின் பதிவில். காலை ஏழு பதின்மூன்றில் தொடங்கி, நிமிடத்துக்கு ஒன்றாக அந்தப் படகின் மூன்று புள்ளிகள். தூசியோ என்று திரையைத் துடைத்துக்கூடப் பார்த்தேன்.

அவர் தூங்கவில்லை என்றேன். பனிக்குள் கப்பலைப் பார்த்திருக்கிறார். வலை கடலில் கிடக்க, படகை நகர்த்த வழியில்லை. ஓடிப்போய்க் கருவியைப் போட்டு, நான் இங்கே இருக்கிறேன் என்று மோதும்வரை சொல்லியிருக்கிறார். கப்பலில்தான் யாரும் பார்க்கவில்லை. இனி அவரை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

சொல்லும்போதே எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

நன்றி சொல்வாள் என்று காத்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காத்திருந்தேன்.

அவள் பையிலிருந்து கைபேசியை எடுத்து, எதையோ தேடி, என் பக்கம் திருப்பி வைத்தாள். எடுக்காத அழைப்பு ஒன்று. அவர் எண். அன்றைய தேதி. காலை ஏழு பதினைந்து.

"தூக்கத்துல அவர் கை பட்டிருக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன்."