பலிக்காத எச்சரிக்கை

"எங்கேம்மா நோய்? காட்டு, பாப்போம்!"

எவாரிஸ்தோ மேசையில் குத்திய குத்தில் காபிக் கோப்பைகள் துள்ளின.

கூட்டுறவுச் சங்கக் கூடத்தில் நிற்கக்கூட இடமில்லை. ஞாயிறு பூசை முடிந்த கையோடு, கொன்ஸ்டான்சா பள்ளத்தாக்கின் உருளைக்கிழங்கு விவசாயிகள் நேராக இங்கேதான் வந்திருந்தார்கள். எவாரிஸ்தோ சங்கத் தலைவர்.

எல்லாருக்கும் முன்னால் தனியாக நின்றாள் நெரெய்தா. சங்கத்தின் வானிலைக் கருவியைப் பார்த்து, பனி, ஈரம், காற்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, பயிருக்கு எப்போது என்ன நோய் வரும் என்று முன்கூட்டியே சொல்வது அவள் வேலை.

செவ்வாய்க்கிழமை எல்லார் போனுக்கும் செய்தி அனுப்பியிருந்தாள். 'கருகல் நோய் வருகிறது. மூன்று நாளைக்கு மூடுபனி இருக்கும். காற்று மேற்கு மலையிலிருந்து அடிக்கும். உடனே மருந்தடியுங்கள். விட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் பள்ளத்தாக்கே கருகிவிடும்.'

மூடுபனி வந்தது. காற்றும் வந்தது. நோய்தான் வரவில்லை.

"நடுங்குற குளிர்ல மருந்து டேங்கை முதுகுல சுமந்தேன். இன்னும் நிமிர முடியல," என்றார் ஒருவர்.

"உங்களுக்கு முதுகோட போச்சு. என்னைக் கேளுங்க!" ஃபெலிசியா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். புருஷன் இல்லாமல் ஒற்றை ஆளாய் விவசாயம் பார்க்கிறவள். "போன தடவை கருகல் வந்தப்ப எனக்கு ஒரு கிழங்கு மிஞ்சல. அந்தப் பயத்துல இந்தத் தடவை வயல் பூராத்தையும் முன்னாடியே தோண்டிட்டேன். இந்தா, பாருங்க!"

மடியை அவிழ்த்து மேசையில் கொட்டினாள். கோலிக்குண்டு அளவுக் கிழங்குகள் நாலாபக்கமும் உருண்டன. ஒன்று நெரெய்தாவின் காலடியில் வந்து நின்றது. குனிந்து எடுத்தாள்.

"மழை வருமா வராதான்னு என் முழங்காலைக் கேட்டாலே சொல்லும்," என்றார் எவாரிஸ்தோ. "சம்பளமும் கேக்காது!"

கூடம் சிரித்தது. அவர் விடவில்லை.

"நான் புதன்கிழமைதான் தலைநகர்ல இருந்து திரும்பினேன். ஒரு சொட்டு மருந்து அடிக்கல. போய் என் வயலைப் பாருங்க, பச்சைப் பசேல்னு நிக்குது. இதுக்கு என்னம்மா சொல்றே?"

நெரெய்தா கையிலிருந்த கிழங்கை மேசையில் வைத்தாள்.

"மருந்துக் கடைக்காரன் உனக்கு என்ன குடுத்தான்?" பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் முகம் சிவந்தது. "யார்கிட்டயும் நான் எதுவும் வாங்கல."

"அப்ப எதை வச்சு அவ்வளவு அடிச்சுச் சொன்னே?" எவாரிஸ்தோ மேசையைச் சுற்றி வந்து அவள் எதிரே நின்றார். "நோயைக் கண்ணால பாத்தியா? பாத்தேன்னா எந்த வயல்லன்னு சொல்லு. எல்லாரும் இப்பவே போய்ப் பாக்கலாம்."

நெரெய்தா நிமிர்ந்து அவரை நேருக்கு நேர் பார்த்தாள். 'கெஞ்சுறா' என்று நினைத்துக்கொண்டார் எவாரிஸ்தோ.

"பாக்கல," என்றாள் அவள். "என் கணக்கு தப்பிடுச்சு. எல்லாரும் மன்னிச்சிருங்க."

அவ்வளவுதான். "நாளையிலருந்து இவ வேணாம்ங்கறவங்க கையைத் தூக்குங்க" என்றார் எவாரிஸ்தோ. தூக்காத கை ஒன்றிரண்டுதான். நெரெய்தா வானிலைக் கருவி அறையின் சாவியை மேசையில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினாள்.

எவாரிஸ்தோ வீட்டுக்குள் நுழையும்போது சீட்டியடித்துக்கொண்டே வந்தார். அடுப்படியில் அவர் மனைவி நூரிஸ் வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒருவழியா அனுப்பி வச்சாச்சு! முன்னாடி நின்னு முழிச்சா பாரு முழி! 'என் கணக்கு தப்பிடுச்சு'ங்கறா." நெரெய்தாவின் குரலிலேயே பேசிக்காட்டினார்.

நூரிஸ் அடுப்பை அணைத்தாள்.

"அவ கணக்கு தப்பல."

"என்ன?"

"கழிச்சுப்போட்ட கிழங்கையெல்லாம் கொட்டகைக்குப் பின்னால குவிச்சு வச்சீங்களே, அது முளைவிட்டு, முளையெல்லாம் கருகி, இலைக்கு அடியில வெள்ளையாப் பூஞ்சணம் பூத்துக் கெடந்துச்சு. காத்து வர்ற திசையைப் பிடிச்சுக்கிட்டே ஒவ்வொரு இடமாத் தேடி, செவ்வாய்க்கிழமை காலையில இங்க வந்து நின்னா. நீங்க ஊர்ல இல்ல. நானும் அவளுமா குழி வெட்டி, அவ்வளவையும் உள்ள தள்ளி மண்ணைப் போட்டு மூடினோம். அதுக்கு முன்னாடியே நோய் கொஞ்சம் காத்துல பரவியிருந்தா என்ன செய்யறதுன்னுதான் ஊருக்கே செய்தி அனுப்பினா."

எவாரிஸ்தோ கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஒத்துக்குவீங்களா? 'என் இடத்துலயா நோய்?'னு அவமேலதான் பாஞ்சிருப்பீங்க."

எவாரிஸ்தோ குரலைத் தாழ்த்தினார்.

"அவளாவது... கூட்டத்துல சொல்லியிருக்கலாமே?"

"சொல்லிடுடீன்னு இன்னைக்குக் காலையிலகூடப் போன்ல அழுதேன்." நூரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "'தலைவர் வீட்டுல இருந்துதான் நோய் கிளம்புச்சுன்னு தெரிஞ்சா ஊரு அவரைச் சும்மா விடாது அக்கா. எனக்கு வேற ஊர்ல வேலை கிடைக்கும். அவருக்கு வேற ஊரு எங்க கிடைக்கும்?'னு கேட்டா."