கதவு பூட்டியிருக்கிறது

அஞ்சல் மாஸ்டர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

பதிவுத் தபாலை நீட்டியபடி எதிரே நின்றான் மாடக்கண்ணு. உள்ளே இருப்பது கலைப்பு உத்தரவு. வாங்கிக்கொண்டால் சமஸ்தான அஞ்சல் முடிந்தது.

சமஸ்தானமே இந்தியாவோடு சேர்ந்தாயிற்று. அஞ்சல் மட்டும் தனியாக எத்தனை நாளைக்கு?

தராசும் பித்தளைப் பெட்டியும் போன வாரமே மாட்டுவண்டியேறி இந்தியத் தபாலாபீசுக்குப் போய்விட்டன. தபால் பை சுமந்து ஓடும் ஓட்டக்காரர்களின் சலங்கை கட்டிய ஈட்டிகளும் போயின. அந்தச் சலங்கைச் சத்தம் கேட்டுத்தான் ஊரில் பாதிப் பேர் உலை வைப்பார்கள். மாடக்கண்ணுவும் அப்படி ஓடியவன்தான். இன்று இந்தியத் தபாலின் புதுக் காக்கிச் சட்டையில் வந்திருக்கிறான். சட்டை அவனுக்கு ரொம்பப் பெரிது.

மிச்சம் அவர் ஒருவர். உத்தரவை வாங்கிக்கொள்ள ஒரு அஞ்சல் மாஸ்டர் வேண்டுமே.

மேசைமேல் ஒரு கடிதம் கிடந்தது.

கடிதம் பிரிக்கும் அலமாரியை வண்டியேற்ற நகர்த்தியபோது, பின்னால் சுவரோரம் அகப்பட்டது. பதினோரு வருஷத்துக்கு முந்தைய முத்திரை. பேச்சியம்மாள், கீழத்தெரு.

பேச்சியம்மாளை அவருக்கு நன்றாகத் தெரியும். கோபத்தில் மகனை வீட்டைவிட்டுப் போகச் சொன்னவள். அவன் போயே விட்டான். எங்கே என்று தெரியாது. வெள்ளிக்கிழமைதோறும் அஞ்சலாபீஸ் ஜன்னலில் வந்து நின்று, கடிதம் வந்திருக்கா என்பாள். இல்லை என்பார். சில நாள் அவள் வாய் திறக்கும் முன்பே, எரிச்சலோடு.

உத்தரவு கைக்கு வந்துவிட்டால் மிஞ்சிய கடிதங்களை எரித்துவிட வேண்டும். விதி அப்படி.

"தாங்கய்யா, ஒரே ஓட்டமா ஓடிக் குடுத்துட்டு வாரேன்" என்றான் மாடக்கண்ணு.

"இல்லன்னு சொன்னவன் நான்லாடே."

மாடக்கண்ணு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். திறந்து கிடந்த கதவில் சாய்ந்து நின்று, அவர் கண்ணெதிரிலேயே உத்தரவு உறையின்மேல் எழுதினான்.

கதவு பூட்டியிருக்கிறது. நாளை.

வீட்டுப் பக்கமே போகாமல் இப்படி எழுதியதற்காக எத்தனை பேரை வறுத்தெடுத்திருப்பார். இன்று அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

கோட்டை மாட்டிக்கொண்டு கடிதத்தோடு தெருவில் இறங்கினார்.

பேச்சியம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை வாங்கினாள். முன்னும் பின்னும் பார்த்தாள். அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

நின்றுகொண்டே படித்தார். மகன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தான். சுகம்தான். குளிர் தாங்கவில்லை. சோறு பரவாயில்லை.

கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினார்.

அவள் காத்திருந்தாள்.

உன் கோபம் ஆறிவிட்டது என்று ஒரு வரி போடு அம்மா, அன்றைக்கே மலையிறங்கி வந்துவிடுகிறேன்.

பேச்சியம்மாள் புளி ஒட்டிய விரல்களை முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஆறிட்டுன்னு எழுதுங்க. இன்னைக்கே போயிரும்லா?"

"போயிரும்" என்றார்.

பேனாவைத் திறந்துகொண்டு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். தாளின் மேலே இன்றைய தேதியைப் போட்டார்.