கஞ்சனின் சைக்கிள்

மீமிசல் கடைத்தெருவில் யாருடைய சைக்கிள் செயின் கத்தினாலும் ஷேக் பரீதுக்குப் பொறுக்காது. வண்டியை நிறுத்தச் சொல்லி, தன் மீன்வலைக் கடையிலிருந்து ஆயில் கேனை எடுத்துவந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆயில் விட்டு அனுப்புவார்.

அவருடைய சொந்த சைக்கிள் மட்டும் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குக் கேட்கும். அப்படி ஒரு கிறீச்.

"ஊருக்கெல்லாம் தாராளம். சொந்த வண்டிக்குன்னா ஒரு சொட்டு விட மனசு வராது. கஞ்ச மனுசன்" என்று அவர் மனைவி ஜன்னத் பீவி சொல்லாத நாளில்லை.

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த மகன் தௌஹீதுக்கு மானமே போனது. ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி ஹஃப்சாவிடம் கேட்டான். "தெனமும் இதக் கேக்க ஒனக்கு எரிச்சலா இல்லையா?"

"பழகிருச்சுங்க. அந்தச் சத்தம் கேட்டாத்தான் மாமாவுக்குச் சோறு எடுத்து வைக்கணும்னு ஞாபகமே வருது" என்று சிரித்தாள்.

அத்தா ஷேக் பரீது ஒரு கல்யாணத்துக்காக பஸ் ஏறி அரிமளம் போன அன்று தௌஹீது வேலையில் இறங்கினான். மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துத் தேய்க்கத் தேய்க்க, செயினிலிருந்து மை மாதிரி அழுக்கு வழிந்தது. துடைத்துக் காயவைத்து, கண்ணி கண்ணியாக ஆயில் விட்டான். மண் ஒட்டாமலிருக்க மிச்ச ஆயிலையும் துடைத்தான். பெடலைச் சுற்றினால் செயின் ஓடுவதே தெரியவில்லை.

திரும்பி வந்த அத்தா பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்கே" என்றார். முகம் என்னவோ வேப்பங்காயை மென்ற மாதிரி இருந்தது.

"பாத்தியா, அதுக்கும் மனசு வலிக்குது அவருக்கு" என்றாள் ஜன்னத் பீவி.

மறுநாள் மதியம். ஹாலில் ஃபேனுக்குக் கீழே பாயில் படுத்து, வீங்கிய காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தாள் ஹஃப்சா. வாசலில் சத்தமே இல்லாமல் மாமனார்.

பதறி எழுந்து முக்காட்டைத் தேடியவள், பாய் தடுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நல்லவேளை, விழவில்லை.

ஷேக் பரீது சட்டென்று தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ படும்மா. கடையில ஒரு வேலை, மறந்துட்டேன்" என்று சாப்பிடாமலே போய்விட்டார்.

அறையிலிருந்து வந்த தௌஹீதுக்கு ஆத்திரம். பின்னாலேயே கடைக்குப் போனான். அங்கே அத்தா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, செயினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னத்தா பண்றீங்க? ஆயில் பூராவும் போயிரும். திரும்பவும் கத்தும்."

"கத்தணும்டா. இங்க அடிக்கிற உப்புக்காத்துக்கு ரெண்டு நாளு போதும்."

"வெளையாடாதீங்கத்தா. புள்ளத்தாச்சி விழப் பாத்தா. ஒரு பெல் அடிச்சிட்டு வந்தா என்ன?"

அத்தா கழுவுவதை நிறுத்தவில்லை.

"நான் வந்தா எந்திரிக்காதேன்னு எத்தனையோ வாட்டி சொல்லிட்டேன், அந்தப் புள்ள கேக்கல. வாசல்ல வந்து மாமனார் பெல் அடிச்சா அது 'எந்திரி'ன்னு சொல்றதுடா. செயின் கத்துனா, தெருமுனையிலேயே தெரிஞ்சு மெதுவா எந்திரிச்சுக்கும். என்னையக் கஞ்சன்னு நெனைக்கும், அம்புட்டுத்தானே?"